80 தலைமுறையில் திரும்பி வந்தது அலையியா?

தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து, உயர்தரத்தில் கணிதம் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தது சுருக்கமாக இது (கேம் ஒஃப் லைஃப் என்பது கட்டப் பலகையில் செல்கள் தலைமுறை தலைமுறையாக விதிப்படி பிறந்து சாகும் விளையாட்டு, விதி கீழே வருகிறது; அதில் அதே இடத்தில் ஆடித் தன் உருவத்துக்குத் திரும்பும் வடிவம் அலையி, திரும்ப எடுக்கும் தலைமுறைகளின் எண்ணிக்கை அலைவுகாலம்):

"சேர், கொன்வேயின் கேம் ஒஃப் லைஃப் விளையாட்டைப் பைதனில் எழுதினேன். பலகை 20க்கு 20. வலது ஓரத்தை இடது ஓரத்தோடும் மேல் ஓரத்தைக் கீழ் ஓரத்தோடும் ஒட்டிவிட்டேன். கண்டபடி செல்களைத் தூவி ஓட விட்டதில் கடைசியில் 12 செல் மிஞ்சியது. அந்த 12 கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் 80 தலைமுறைக்கு ஒருமுறை முழுப் பலகையும் அப்படியே திரும்பி வருகிறது. அலைவுகாலம் 80 உள்ள அலையி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேனா? இது புதிதா? எப்படி உறுதிப்படுத்துவது?"

தங்கச்சி, உங்கள் புரோகிராமில் பிழை இல்லை. 80 என்ற எண்ணும் சரி. ஆனால் அந்தப் பலகையில் அலைவுகாலம் 80 உள்ள அலையி எதுவும் இல்லை. 20, 80 என்ற இரண்டு எண்களைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. நீங்கள் அனுப்பிய படத்தைத் திறந்ததும் தீர்ந்துவிட்டது. நடுவில் 4 செல்லில் ஒரு பெட்டி, அது அசையாது. மேல் ஓரத்தில் 3 செல்லில் ஒரு பிளிங்கர், அது ஒரு தலைமுறை படுத்தும் மறு தலைமுறை நின்றும் ஆடுகிறது. மிச்சம் 5 செல் ஒரு கிளைடர். 4, 3, 5 கூட்டினால் 12.

கிளைடர் 4 தலைமுறைக்கு ஒருமுறை தன் பழைய வடிவத்துக்கு வரும், ஆனால் குறுக்காக ஒரு கட்டம் தள்ளி வரும். ஓரங்கள் ஒட்டிய 20க்கு 20 பலகையில் 20 கட்டம் தள்ளினால் புறப்பட்ட இடம்தானே? 20 தரம் 4, 80. பெட்டியும் பிளிங்கரும் அதன் குறுக்குப் பாதையில் இல்லாததால் மோதல் நடக்கவில்லை. 30க்கு 30 பலகையில் அதே மூன்றையும் வைத்து ஓட்டிப் பாருங்கள், 120 என்று சொல்லும். பலகையின் அளவை மாற்றினால் மாறுகிற எண், வடிவத்தின் எண் அல்ல. தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி வளைந்து வந்து அதே ஸ்டேஷனுக்குக் கீழே சுரங்கத்துக்குள் நுழைகிறது. அதை வைத்து, ரயில் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது என்று யாரும் சொல்வதில்லை.

இந்த ஏமாற்றம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. ஓரம் ஒட்டிய பலகையில் எது போட்டாலும் ஒரு நாள் சுழற்சியில் விழுந்தே தீரும். 400 கட்டம், ஒவ்வொன்றும் உயிர் அல்லது வெறுமை, ஆக மொத்த நிலைகள் 2இன் 400ஆம் அடுக்கு. மிகப் பெரிய எண்தான், ஆனாலும் முடிவுள்ள எண். போகப் போக ஏற்கெனவே வந்த நிலையொன்று மறுபடி வந்தாக வேண்டும். ஒரு நிலைக்கு அடுத்த நிலை ஒன்றே ஒன்றுதான் என்பதால் அங்கிருந்து எல்லாம் திரும்ப நடக்கும். ஆகவே திரும்பி வந்தது என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. எது திரும்பி வந்தது, அதே இடத்துக்கா, ஒவ்வொரு செல்லும் எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் அலையி என்று பெயர் வைக்கலாம்.

வாசிக்கும் மற்றவர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். முடிவில்லாத கட்டப் பலகை. ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றி 8 அயல் கட்டங்கள். உயிருள்ள செல்லுக்கு 2 அல்லது 3 அயல் உயிர் இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். வெறுங்கட்டத்துக்குச் சரியாக 3 அயல் உயிர் இருந்தால் அங்கே புதிது பிறக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். ஜோன் கொன்வே உருவாக்கிய இதை 1970 ஒக்டோபரில் மார்ட்டின் கார்ட்னர் தன் கணிதப் பத்தியில் எழுதி உலகத்துக்குக் காட்டினார். அசையாமல் நிற்பதை நிலைவடிவம் என்றும், அதே இடத்தில் ஆடித் தன் உருவத்துக்குத் திரும்புவதை அலையி என்றும், இடம் பெயர்ந்தபடி திரும்புவதைக் கப்பல் என்றும் பிரிக்கலாம். அலையி, அலைவுகாலம் இரண்டும் நம் பௌதிகப் பாடத்துச் சொற்கள்தான். ஊசல் மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் இதைத் தொடங்கிய காலத்தில் என்னிடம் கொம்பியூட்டர் இல்லை. லயத்து இஸ்தோப்பில் ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டு, இருக்கிற செல்லுக்குக் கடலை, புதிதாகப் பிறக்கிற செல்லுக்குப் பயறு என்று வைத்து ஆடினேன். சாகப் போகிற கடலையை உடனே எடுத்துவிடக் கூடாது, பிறப்பு எல்லாவற்றையும் எண்ணி முடித்த பிறகுதான் எடுக்க வேண்டும். மழை நாளில் அம்மா கொழுந்துக்குப் போய்விட்டு ஈரக் கம்பளியோடு வந்து நிற்பார். நான் அட்டையைக் காலால் தட்டிவிட வேண்டாம் என்று கெஞ்சுவேன்.

அப்போது 10 கடலையை ஒரே நேர்வரிசையில் வைத்து ஒரு தரம் ஆடினேன். முதல் தலைமுறையில் இரண்டு முனையும் செத்து, மேலும் கீழும் எட்டெட்டுப் பிறந்து, 3க்கு 8 ஆக 24 செல். அடுத்த தலைமுறையில் உள்ளே நெரிசலில் எல்லாம் செத்து, நான்கு மூலையும் பிழைத்து, மேலே 6, கீழே 6, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று பிறந்து 18 செல். பிறகும் ஊதியும் சுருங்கியும் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தலைமுறையையும் என் முதல் வரிசையோடு ஒப்பிட்டேன். 10 கடலை நேர்வரிசை திரும்பி வரவே இல்லை. இது அலையி இல்லை என்று முடிவெடுத்து அட்டையை மடித்து வைத்துவிட்டேன்.

அது அலையிதான். பென்டாடெகத்லோன், அலைவுகாலம் 15. குட்டை வரிசைகள் ஒவ்வொன்றும் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டு போகையில் கொன்வே கண்டது. நான் செய்த பிழை வேறு இடத்தில். 10 நேர்வரிசை அந்தச் சுழற்சிக்குள் இல்லை, அது சுழற்சிக்குப் போய்ச் சேருகிற பாதை. இரண்டாம் தலைமுறையின் 18 செல் வடிவம்தான் சுழற்சியின் முதல் படி. அது மறுபடி வருவது 17ஆம் தலைமுறையில். முதல் நிலையோடு மட்டும் ஒப்பிட்டவனுக்கு அது கடைசி வரை கண்ணில் படாது. இந்த விளையாட்டில் பல பழைய நிலைகள் ஒரே புதிய நிலையில் வந்து கலக்கும், ஆனால் பின்னால் திரும்பிப் போக வழியில்லை. வரும் பாதை வேறு, சுற்றும் வட்டம் வேறு.

எனவே புரோகிராம் முதல் நிலையை மட்டும் நினைவில் வைத்தால் போதாது, வந்த எல்லா நிலையையும் வைக்க வேண்டும். பைதனில் உயிருள்ள செல்களின் ஆள்கூறுகளை ஒரு செட்டாக வைத்திருங்கள், அணி வேண்டாம். ஓரமும் வேண்டாம், செட்டுக்கு ஓரம் கிடையாது, பலகை தானாக முடிவில்லாததாகிவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் மிகச் சிறிய எக்ஸ், மிகச் சிறிய வை இரண்டையும் எல்லா ஆள்கூறிலிருந்தும் கழித்து வடிவத்தை மூலைக்கு நகர்த்துங்கள். அந்த நகர்த்திய வடிவத்தை ஃபுரோசன் செட்டாக்கி, தலைமுறை எண்ணையும் கழித்த இரண்டு எண்களையும் ஒரு டிக்ஷனரியில் பதியுங்கள். ஏற்கெனவே பதிந்த வடிவம் மறுபடி வந்தால் தலைமுறை எண்களின் வித்தியாசம் அலைவுகாலம். கழித்த எண்கள் இரண்டு முறையும் ஒன்றாக இருந்தால் அலையி, வேறாக இருந்தால் கப்பல். உங்கள் கிளைடரை மட்டும் தனியாக ஓட்டினால் 4 தலைமுறையிலேயே பிடிபட்டிருக்கும், இரண்டு திசையிலும் ஒவ்வொன்று தள்ளி.

செல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அலைவுகாலம் சொல்லலாமா என்று பலரும் கேட்பார்கள். பல்சார் என்ற அலையியில் அது அழகாக வேலை செய்யும்: 48, 56, 72, மறுபடி 48, ஆக 3. ஆனால் பிளிங்கர் எப்போதும் 3, டோட் என்ற அலையி எப்போதும் 6, கிளைடர் எப்போதும் 5. எண்ணிக்கையை நம்பினால் இவை எல்லாம் அசையாதவை என்று ஆகிவிடும். உங்கள் 12உம் அப்படித்தான் அசையாமல் நின்றது. எண்ணிக்கை முதற்கட்டச் சல்லடை மட்டும்.

ஓரத்தை எடுத்துவிட்டால் இன்னொரு சிக்கல் வரும். ஆர்-பென்டோமினோ என்ற 5 செல் வடிவத்தை ஓட்டிப் பாருங்கள். 1103 தலைமுறை கழித்து அடங்கும். 116 செல், அதில் 4 பிளிங்கர், 6 கிளைடர். அந்தக் கிளைடர்கள் வெளியே பறந்துகொண்டே இருப்பதால் முழுப் பலகை இனி ஒருபோதும் திரும்பாது. உள்ளே பிளிங்கர்கள் ஒழுங்காக ஆடிக்கொண்டிருக்க, புரோகிராம் மட்டும் சுழற்சி இல்லை என்று அடம்பிடிக்கும். ஆகவே மிச்சத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காண வேண்டும்.

பிரிப்பதில்தான் கவனம் வேண்டும். ஒட்டியிருக்கிற செல்களை ஒரு துண்டாக எடுப்போம் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். பீக்கன் என்ற அலையியின் இரண்டு நிலைகளைப் பாருங்கள்:

■■□□
■□□□
□□□■
□□■■

■■□□
■■□□
□□■■
□□■■

இரண்டாவது நிலையில் 8 செல், நடு மூலையில் தொட்டுக்கொண்டு இருக்கின்றன. முதல் நிலையில் 6 செல், மும்மூன்றாக விலகி நிற்கின்றன. முதல் நிலையில் பிரித்தால் இரண்டு தனித்துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றையும் தனியே ஓட்டினால் இரண்டும் பெட்டியாகி நின்றுவிடும். ஆடிக்கொண்டிருந்த ஒன்றை அசையாத இரண்டு பெட்டி என்று உங்கள் புரோகிராம் எழுதிவைக்கும். இதற்கு வழி, ஒரு சுழற்சியின் எல்லா நிலைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரு தடவையாவது உயிர் வந்த கட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்த பிறகு பிரிப்பது. பிரித்த துண்டைத் தனியாக ஓட்டி, கூட்டத்தில் இருந்தபோது ஆடியது போலவே ஆடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆடவில்லை என்றால் பக்கத்துத் துண்டும் அதன் உடம்புதான்.

இப்போது மூன்றாவது கேள்வி, ஒவ்வொரு செல்லும் எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை? இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு மலையில் 6 நாளைக்கு ஒருமுறை கொழுந்து எடுக்கிறார்கள், பக்கத்து மலையில் 8 நாளைக்கு ஒருமுறை என்று வையுங்கள். இரண்டு மலையிலும் ஒரே நாளில் கொழுந்து எடுப்பது 24 நாளைக்கு ஒருமுறை வரும், பொ.ம.சி. கணக்கு. அதனால் அந்தத் தோட்டத்தில் 24 நாள் ரவுண்டு உள்ள மலை ஒன்று இருக்கிறது என்று ஆகாது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அப்படி எழுதினால் பெரட்டுக்களத்திலேயே கேட்டுவிடுவார்கள். அதேபோல் ஒரு பிளிங்கரையும் ஒரு பல்சாரையும் தள்ளித் தள்ளி வைத்தால் முழுப் பலகை 6 தலைமுறைக்கு ஒருமுறை திரும்பும். அலைவுகாலம் 6 உள்ள அலையி அங்கே இல்லை.

சோதனை சுலபம். சுழற்சி 6 என்று வந்தால், ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த 6 தலைமுறையில் உயிரா வெறுமையா என்று ஒன்றும் பூச்சியமுமாக எழுதுங்கள். அந்தத் தொடர் எத்தனைக்கு ஒருமுறை மடங்குகிறது என்று பாருங்கள். சில கட்டம் 1, சில 2, சில 3 என்று வரும். ஒரு கட்டமாவது முழு 6ஐயும் எடுத்துக்கொண்டால்தான் அது உண்மையான 6. கட்டத்துக்குக் கட்டம் இந்த எண்ணுக்கு ஒரு நிறம் கொடுத்து வரைந்து பாருங்கள், வடிவத்தின் உள்ளமைப்பு அப்படியே வெளியே தெரியும். மாறாமல் எப்போதும் உயிரோடு நிற்கும் செல்களை நிலையகம் என்றும் மாறும் கட்டங்களைச் சுழலகம் என்றும் சொல்லலாம். ஆங்கிலப் பெயர்கள் மோட்டரின் ஸ்டேட்டர், ரோட்டர் என்பதிலிருந்து வந்தவை. பிளிங்கரில் நடுச்செல் நிலையகம், சுற்றியுள்ள 4 கட்டம் சுழலகம். ஒரே சுழலகத்தைச் சுற்றி வேறு வேறு நிலையகம் கட்டலாம். அப்படிக் கட்டியதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று நான் எண்ணமாட்டேன், சுவர் மாறினாலும் உள்ளே ஆடுவது ஒன்றுதான்.

புதிதா என்று பார்க்கப் பெயர் வேண்டும், பெயர் எப்படிப் பார்த்தாலும் ஒன்றாக வர வேண்டும். ஒரே அலையியை நான்கு பக்கம் திருப்பலாம், கண்ணாடியில் போலவும் கவிழ்க்கலாம், ஆக 8 தோற்றம். அலைவுகாலம் 15 என்றால் 15 நிலை, எல்லாம் சேர்த்து 120 படம். 120ஐயும் ஒன்று, பூச்சியத் தொடராக எழுதி அகராதி வரிசையில் முதலாவதாக வருவதைத் தெரிந்தெடுங்கள். அதுதான் அதன் பெயர். அடம் கௌச்சர் நடத்தும் கேட்டகலூ என்ற பெரிய பதிவேட்டிலும் அடிப்படை இதுதான்: குறியீட்டில் முதலில் வகை, பிறகு அலைவுகாலம், பிறகு வடிவத்தைச் சுருக்கி எழுதிய எழுத்துகள். பிளிங்கருக்கு அந்தக் கடைசிப் பகுதி வெறும் 7. மூன்று செல்லுக்கு 1, 2, 4 கூட்டினால் 7தானே. உலகம் முழுவதும் பலர் தங்கள் கொம்பியூட்டரில் 16க்கு 16 சதுரத்தில் செல்களைத் தூவி ஓட்டி, கிடைத்ததை எல்லாம் அங்கே சேர்க்கிறார்கள். நீங்கள் செய்ததும் அதே வேலைதான், அளவு மட்டும் வேறு.

தூவித் தேடுவதில் பிளிங்கர் மழையாகக் கொட்டும், அரியவை மிக அரிதாகவே வரும். விதைக்கும்போதே சமச்சீராக, வலதும் இடதும் மேலும் கீழும் ஒன்றாக வைத்தால் அந்தச் சமச்சீர் கடைசி வரை அழியாது. பல்சார் போன்றவை அப்போது அதிகம் வரும். நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

அடுத்த வழி தூவாமல் கட்டுவது. அலைவுகாலம் 3 வேண்டும் என்றால் கட்டக் கொப்பியில் மூன்று தாளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தாள் முதல் தாளிலிருந்து விதிப்படி வர வேண்டும், மூன்றாவது இரண்டாவதிலிருந்து, முதலாவது மறுபடி மூன்றாவதிலிருந்து. கட்டங்களைத் தெரியாதவை என்று வைத்து ஒவ்வொன்றாக நிரப்பி, முரண் வந்தால் அழித்துப் பின்வாங்க வேண்டும். குறுக்கெழுத்துப் போடுகிற மாதிரிதான். 10க்கு 10 சதுரத்தைக் கண்மூடித்தனமாகச் சோதிக்க 2இன் 100ஆம் அடுக்கு தரம் ஓட்ட வேண்டும், நடக்காத காரியம். முரணைச் சீக்கிரம் பிடித்தால் அதில் பெரும்பகுதியைத் தொடாமலே தள்ளிவிடலாம். 1989இல் டீன் ஹிக்கர்சன் இந்த வழியில் தேடத் தொடங்கினார். இப்போது இதே கேள்வியை தர்க்கச் சமன்பாடுகளாக மாற்றி, சாட் தீர்வி என்ற மென்பொருளிடம் கொடுக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: 6 கேட்டால் 2உம் 3உம், ஏன் அசையாத நிலைவடிவமும் கூட விடையாக வரலாம், அவையும் 6இல் திரும்புகின்றனதானே. மேலே சொன்ன செல் சோதனை இங்கேயும் தேவை.

உங்கள் 80க்கு வருகிறேன். உண்மையான 80 கிடைத்திருந்தாலும் அலைவுகாலம் புதிதாக இருந்திருக்காது. 1996இல் டேவிட் பக்கிங்ஹாம், ஹெர்ஷல் என்ற வடிவத்தைக் குழாய் வழியே தண்ணீர் போல நடத்திச் செல்லும் அமைப்புகளால் 61க்கும் அதற்கு மேலும் எல்லா அலைவுகாலத்தையும் கட்டிக் காட்டினார். 2013இல் மைக் பிளேய்ல் கண்ட ஸ்னார்க், வருகிற கிளைடரை 90 பாகை திருப்பிவிட்டுத் தான் பழையபடி நிற்கும். 43 தலைமுறை இடைவெளியில் அடுத்த கிளைடரை அது ஏற்கும். நான்கு ஸ்னார்க்கை நான்கு மூலையில் வைத்து, தூரத்தை மாற்றி, தடத்தில் சம இடைவெளியில் தேவையான அளவு கிளைடர்களை விட்டால் 43க்கும் அதற்கு மேலும் எந்த எண்ணும் கிடைக்கும். கிளைடர் சுற்றி வருவது உங்கள் பலகையில் போலத்தான்; ஆனால் இங்கே அதைத் திருப்புவது பலகையின் ஓரம் அல்ல, வடிவத்தின் உடம்பே. ஆகவே அது அலையி.

சிறிய எண்கள்தான் கடைசி வரை தொல்லை கொடுத்தன. 19உம் 41உம் 2023இல்தான் கிடைத்தன, 41 எல்லாவற்றுக்கும் கடைசி. 1970இலிருந்து 53 வருடம். அந்த ஆண்டோடு எல்லா அலைவுகாலத்துக்கும் அலையி உண்டு என்பது நிரூபணமாகிவிட்டது. வேலை தீர்ந்துவிடவில்லை: தெரிந்த அலைவுகாலத்துக்கு இன்னும் சிறிய வடிவம், இதுவரை யாரும் பார்க்காத சுழலகம், இயற்கையாகத் தூவலிலிருந்தே வரும் அரிய அலையி என்று தேட நிறைய இருக்கிறது. இதற்கெல்லாம் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். ஒரு பழைய லெப்டொப்பும் பொறுமையும் இருந்தால் தலவாக்கலையில் இருந்தும் தேடலாம்.

அதற்கு முன் உங்கள் புரோகிராமைச் சரிபார்த்துவிடுங்கள். 4க்கு 4 சதுரத்தில் வைக்கக்கூடிய வடிவங்கள் மொத்தம் 65,536. ஓரமில்லாப் பலகையில் அவை எல்லாவற்றையும் ஓட்டுங்கள், வெளியே பறக்கும் கிளைடர்களை நீக்குங்கள், மிச்சத்தைப் பிரித்துப் பெயரிட்டுப் பட்டியலாக்குங்கள். பிளிங்கர், டோட், பீக்கன், குளொக் என்ற அலைவுகாலம் 2 உள்ள நான்கும் 4க்கு 4 சதுரத்துக்குள் அடங்கும், எனவே நான்கும் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். பீக்கனைக் காணவில்லை என்றால் பிரிக்கும் பகுதியில் பிழை. டோட்டும் குளொக்கும் நிலைவடிவம் என்று பதிவாகியிருந்தால் எங்கோ எண்ணிக்கையை நம்பிவிட்டீர்கள். ஒரே அலையி இரண்டு பெயரில் வந்திருந்தால் 8 தோற்றத்தில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. பட்டியல் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சமச்சீர் விதைகளை எப்படி ஓட்டுவது என்று அடுத்ததாகப் பார்ப்போம்.